சட்டியில் ஷிடாகே, ஊசியில் ஷிடாகே

ஜப்பானில் 1985-ஆம் ஆண்டு லென்டினான் என்ற ஊசிமருந்துக்கு அரசு அனுமதி கிடைத்தது. இரைப்பைப் புற்றுநோய் முற்றியவர்களுக்குக் கீமோதெரபி மருந்தோடு சேர்த்து ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து அது. மலையேறித் தேடவேண்டிய மூலிகை எதிலிருந்தும் அதை எடுக்கவில்லை. அந்நாட்டு அடுப்படிகளில் அன்றாடம் கொதிக்கும் ஷிடாகே காளானிலிருந்துதான் எடுத்தார்கள்.

அந்தச் செய்தியின் வெளிச்சத்தில்தான் இன்றைக்கும் ஷிடாகே விற்பனையாகிறது. ‘எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்’, ‘கொலஸ்ட்ராலைக் கரைக்கும்’, ‘புற்றுநோயைத் தடுக்கும்’ என்ற வாசகங்களோடு பொடியாகவும் மாத்திரையாகவும் இணையக் கடைகளில் கிடைக்கிறது. சட்டியில் வேகும் காளான், குப்பியில் அடைத்த பொடி, மருத்துவமனையில் ஏற்றிய ஊசி, இந்த மூன்றும் ஒரே உயிரிலிருந்து வந்தவைதான். உடம்புக்குள் போனபின் அவை செய்யும் வேலை மட்டும் வேறுவேறு. ஊசி பற்றிய ஆய்வைக் காட்டிப் பொடியை விற்பதும், எலியில் கண்டதை வைத்து மனிதருக்கு வாக்குறுதி தருவதும் இந்த வேறுபாட்டை மறைத்துத்தான். அந்த வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று தெரிய, காளான் வாழும் மரக்கட்டைக்குள் முதலில் போகவேண்டும்.

கட்டையே சோறு

சீனா, கொரியா, ஜப்பான், தென்கிழக்காசிய மலைகள் ஆகியவற்றின் ஈரமான அகன்ற இலைக் காடுகள்தான் ஷிடாகேயின் தாயகம். ஓக் மரமும் அதன் உறவு மரங்களும் பட்டு விழுந்தபின் அந்தக் கட்டைக்குள் இது குடியேறுகிறது. 1870-களில் கடலாய்வுக்காக உலகைச் சுற்றிய பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் ஜப்பானில் சேகரித்த மாதிரியை வைத்து, மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற ஆங்கிலப் பாதிரியார் இதற்கு முதல் அறிவியல் பெயரைச் சூட்டினார். பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வில் அவர் பெரிய புள்ளி. இன்று வழங்கும் பெயர் லென்டினுலா எடோடெஸ்.

நாம் பறிக்கும் குடை, இனப்பெருக்கத்துக்காக அந்த உயிர் சில நாள் மட்டும் வெளியே நீட்டும் உறுப்பு. மீதி உடம்பெல்லாம் கட்டைக்குள்ளே வெண்ணிற நுண்ணிழைகளின் பின்னலாகப் பரவிக் கிடக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைக்கத் தெரிந்த உயிர்கள் மிகக் குறைவு. வெண்ணழுகல் பூஞ்சைகள் அதில் கைதேர்ந்தவை. ஷிடாகே அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இழைகள் நொதிகளை வெளியே சுரந்து லிக்னினை உடைக்கின்றன. அதற்குள் பொதிந்திருக்கும் செல்லுலோஸைச் சர்க்கரையாக்கி உறிஞ்சுகின்றன. பழுப்பு நிற லிக்னின் போய்விடுவதால் கட்டை வெளுத்து, கையால் பிய்த்தால் நார்நாராக வரும்.

குடையின் அடிமடிப்புகளிலிருந்து உதிரும் வித்துத் துகள் ஒவ்வொன்றும் தனியே முளைக்கும். ஆனால் தனி இழை குடை விடாது. பொருத்தமான இன்னோர் இழையைச் சந்தித்து இணையவேண்டும். பொருத்தம் பார்ப்பவை இரண்டு மரபணு இடங்கள். இரண்டிலும் வேறுபட்டிருந்தால்தான் கூடமுடியும். ஒரே குடையில் பிறந்த இரண்டு துகள்கள் சந்தித்தால் பொருந்தும் வாய்ப்பு 4-இல் 1. அயல் குடையின் துகளோடு சந்தித்தால் பெரும்பாலும் பொருந்திவிடும்.

இதன் குடும்பத்தில் ஓர் ஆபத்தான பங்காளியும் உண்டு. ஓம்ஃபலோட்டஸ் ஜப்பானிகஸ் என்ற நச்சுக்காளான் இருட்டில் மங்கலாக ஒளிரும். பகலிலோ ஷிடாகேயைப் போன்ற பழுப்பில், அதே மாதிரி பட்ட மரத்தில் நிற்கும். ஜப்பானில் காட்டுக் காளானைத் தின்று வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களில் பலர் இதனிடம் ஏமாந்தவர்கள். காம்பைப் பிளந்தால் அடியில் கருந்திட்டு தெரியும் என்பது அங்குள்ளவர்கள் சொல்லித்தரும் அடையாளம். எல்லாக் காளானிலும் அது தெளிவாகத் தெரிவதில்லை என்பதால்தான் ஏமாறுவது தொடர்கிறது.

மருந்துக் கதைக்கு ஷிடாகேயின் செல் சுவர்தான் முக்கியம். தாவரச் செல்லின் சுவர் செல்லுலோஸால் ஆனது. பூஞ்சையின் சுவரிலோ கைட்டினும் பீட்டா குளுக்கானும் இருக்கின்றன. கைட்டின், நண்டு, இறால் ஓடுகளில் இருக்கும் அதே பொருள். பீட்டா குளுக்கான் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகளை நீளக் கோத்து, இடையிடையே கிளை விட்ட சங்கிலி. இதை அறுக்கும் நொதி நம் உடம்பில் சுரப்பதில்லை. லென்டினான் இந்தச் சுவரிலிருந்து பிரித்த பீட்டா குளுக்கான்களில் ஒன்று.

அடித்தால் முளைக்கும்

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் சிங்யுவான் என்ற மலைப்பகுதி இருக்கிறது. 1130-இல் அங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் வூ சான்கோங், ஷிடாகே வளர்ப்பவர்களுக்குக் குலதெய்வம். அவருக்குக் கோயிலே இருக்கிறது. கோடரி வெட்டு விழுந்த கட்டையில் காளான் அதிகம் முளைப்பதையும், கட்டையை ஓங்கித் தட்டினால் சில நாளில் குடைகள் மண்டுவதையும் கண்டுபிடித்தவர் அவர் என்பது வழிவழியாக வரும் கதை.

கதை எப்படியோ, 1313-இல் வாங் ஜென் என்பவர் எழுதிய வேளாண் நூலில் செய்முறை தெளிவாக இருக்கிறது. நிழலான இடமாகப் பார்த்து மரத்தை வெட்டிச் சாய்க்கவேண்டும். கோடரியால் குழிகள் கொத்தி, மண்ணால் மூடி, ஓராண்டு உளுத்துப்போக விடவேண்டும். பிறகு காளானைப் பொடியாக நறுக்கிக் குழிகளில் தூவி, தழையும் மண்ணும் போர்த்தி, அவ்வப்போது அரிசி கழுவிய நீரை ஊற்றிவரவேண்டும். சில காலம் கழித்துத் தடியால் கட்டையை அடித்துக் காளானைத் திடுக்கிடச் செய்யவேண்டும். மழை பெய்து வெக்கை வந்ததும் முளைக்கும். சிங்யுவானின் இந்தக் காட்டுக் காளான் வளர்ப்பு முறையை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2022-இல் உலக வேளாண் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

கட்டையை அடிப்பது வெறும் சடங்கல்ல. நன்றாகப் பரவிய இழைப் பின்னல், அதிர்ச்சி ஏதும் இல்லாதவரை கட்டையைத் தின்றுகொண்டு சும்மா இருக்கும். குளிர்ந்த நீரோ திடீர் வெப்பநிலை மாற்றமோ ஓங்கிய அடியோ கிடைத்தால் குடை விடத் தொடங்கும். இன்றும் கட்டையில் வளர்ப்பவர்கள் அதை இரவு முழுக்கக் குளிர்நீரில் மூழ்கடித்து எடுக்கிறார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அறுவடை. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்ற பேச்சு நம் ஊரில் இருப்பதுபோல ஜப்பானிலும் உண்டு. இவாத்தே பல்கலைக்கழகத்தில் கோயிச்சி தகாகி தலைமையிலான குழு, ஷிடாகே கட்டைகளில் 50,000 முதல் 1,00,000 வோல்ட் வரையிலான மின்துடிப்பை நொடியின் மிகச் சிறு பகுதிக்குப் பாய்ச்சிப் பார்த்தது. விளைச்சல் ஏறத்தாழ இரட்டித்தது.

ஜப்பானில் பல நூற்றாண்டு ஷிடாகே வளர்ப்பு என்பது சூதாட்டம்தான். கட்டையில் அரிவாளால் வெட்டுப் போட்டுவிட்டு, காற்றில் வரும் வித்துத் துகள் அதில் விழாதா என்று காத்திருக்கவேண்டும். விழாத ஆண்டில் கடன்பட்ட குடும்பம் தெருவுக்கு வரும். ஒய்தா பகுதியில் முதிய விவசாயி ஒருவர் கட்டைகளின் முன் கும்பிட்டு, காளான் வரவேண்டும் என்று மன்றாடியதைப் பார்த்த கிசாகு மோரி என்ற இளைஞர், 1940-களின் தொடக்கத்தில் ஒரு தீர்வு கண்டார். ஆய்வகத்தில் தூய இழையைச் சிறு மரத்துண்டுகளில் வளர்த்து, கட்டையில் துளை போட்டு ஆப்புபோல அடித்து இறக்கும் முறை அது. காற்றை நம்பியிருந்த தொழில் அதன்பின் விதைப்பும் அறுப்புமாக மாறியது.

ஒய்தா மாவட்டத்தின் குனிசாகி தீபகற்பத்தில் இந்தத் தொழிலை அதன் காட்டோடு சேர்த்துப் பார்க்கலாம். அங்கே வளர்க்கும் குனுகி ஓக் மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும்; சுமார் 15 ஆண்டுகளில் அடுத்த வெட்டுக்குத் தயாராகும். காளான் தின்று முடித்த கட்டை உளுத்து மண்ணாகிறது. அந்த மண் மழைநீரைப் பிடித்துவைத்து, ஒன்றோடொன்று இணைந்த சுமார் 1,200 ஏரி குளங்களுக்கு அனுப்புகிறது. அந்த நீரில் நெல் விளைகிறது.

கட்டையில் வளர்ந்தால் முதல் அறுவடைக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு பொறுக்கவேண்டும். மரத்தூளில் தவிடு கலந்து, பையில் அடைத்து, நீராவியில் வேகவைத்து விதையிட்டால் சில மாதத்தில் காளான் வந்துவிடும். இந்தப் பை முறையால்தான் சீனா உலகச் சந்தையைப் பிடித்தது. மொட்டுக் காளான், சிப்பிக் காளான் எல்லாவற்றையும் முந்தி, உலகில் அதிகம் விளையும் உண்ணும் காளான் இன்று ஷிடாகேதான். மொத்தக் காளான் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இது. அதில் பெரும்பகுதி சீனாவில் விளைகிறது. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் சோலனில் உள்ள காளான் ஆராய்ச்சி இயக்ககம் மரத்தூள் முறையை நம் சூழலுக்கு ஏற்றுச் சொல்லித்தருகிறது.

கட்டையில் இருப்பதெல்லாம் காளானுக்கு வரும் என்பதை 2011-இல் ஜப்பான் கசப்பாகத் தெரிந்துகொண்டது. புகுஷிமா அணுஉலை விபத்தில் வெளியேறிய கதிரியக்க சீசியம் ஓக் மரங்களில் படிந்து, கட்டையிலிருந்து ஷிடாகேக்கு ஏறியது. உணவுக்கான வரம்பைத் தாண்டியதால் பல மாவட்டங்களின் கட்டைக் காளான் சந்தைக்கு வரத் தடை விழுந்தது. அதன்பின் காளான் வளர்க்கும் கட்டைக்கே கிலோவுக்கு 50 பெக்கரல் என்று வரம்பு வைத்தார்கள்.

காய்ந்தபின் வரும் ருசி

பச்சை ஷிடாகேயின் மணம் மென்மையானது. காயவைத்து ஊறவைத்தால் சமையலறையை நிரப்பும். உயிருள்ள காளானில் லென்டினிக் அமிலம் என்ற மணமற்ற கந்தகச் சேர்மம் இருக்கிறது. செல்கள் உடைந்து நொதிகள் அதன்மேல் பாய்ந்ததும் அது சிதைந்து, கந்தக அணுக்கள் வளையமாகச் சேர்ந்த லென்தியோனின் உருவாகிறது. பூண்டை நசுக்கும்போது நடக்கும் வேதியியலும் இந்த வகைதான். 1960-களில் ஜப்பானிய வேதியியலர்கள் பிரித்தெடுத்த இந்தப் பொருளுக்கு நுண்ணுயிர்களை எதிர்க்கும் குணமும் உண்டு.

மணத்தைத் தாண்டி நாவில் நிற்கும் உமாமி சுவைக்கு வேறு காரணம். கொம்பு என்ற கடற்பாசியின் ருசிக்குக் குளூட்டமேட்தான் காரணம் என்று 1908-இல் கிகுனாய் இகேதா கண்டறிந்தார். ஷிடாகேயின் ருசிக்குக் காரணமான குவானிலேட்டை 1957-இல் அகிரா குனினாகா இனங்கண்டார். இரண்டையும் சேர்த்தால் சுவை கூட்டலாக ஏறுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது என்பதையும் அவரே காட்டினார். மீனும் கறியும் தொடாத ஜப்பானியப் புத்த மடங்களின் சமையல், கடற்பாசியையும் உலர்ந்த ஷிடாகேயையும் சேர்த்துக் கொதிக்கவைத்த சாற்றின்மேல் பல நூற்றாண்டாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

பச்சைக் காளானில் குவானிலேட் மிகக் குறைவு. காயும்போது செல்கள் உடைகின்றன. ஊறும்போது நொதி உள்ளேயுள்ள ஆர்.என்.ஏ.-வை அறுத்துக் குவானிலேட் ஆக்குகிறது. இன்னொரு நொதி அதே குவானிலேட்டை அழிக்கவும் காத்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் அழிக்கும் நொதிக்குக் கொண்டாட்டம். ஆகவே குளிர்ந்த நீரில், குளிர்சாதனப் பெட்டிக்குள் இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரோடே மெல்லிய தீயில் சூடேற்றவேண்டும். 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரையிலான கட்டத்தில் குவானிலேட் நன்றாகச் சேரும். ஊறிய நீரைக் கொட்டுபவர் ருசியில் பாதியைக் கொட்டுகிறார். தக்காளியில் குளூட்டமேட் தாராளம் என்பதால், அந்த நீரை ரசத்திலோ தக்காளிக் குழம்பிலோ ஊற்றினால் ருசி ஏறுவதை நாவே சொல்லும். கடினமான காம்பை வதக்கிச் சாப்பிட முடியாது, சாற்றுக்குப் போடலாம்.

தட்டில் கிடைப்பது

100 கிராம் பச்சை ஷிடாகேயில் சுமார் 34 கலோரி, 2 கிராமுக்குச் சற்று மேல் புரதம், இரண்டரை கிராம் நார்ச்சத்து. செம்புச் சத்தும் சில பி வைட்டமின்களும் உண்டு. உப்பும் கொழுப்பும் மிகக் குறைவு. பருப்புக்கு ஈடான புரத உணவு என்று சொல்ல முடியாது. உலர்ந்த ஷிடாகேயில் வைட்டமின் பி12 கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் அளவு காளானுக்குக் காளான் மாறும். ஒரு நாள் தேவையை எட்ட நாம் சமைப்பதைவிடப் பல மடங்கு தின்னவேண்டியிருக்கும். சைவ உணவுக்காரர்கள் இதை நம்பி இருந்துவிட முடியாது.

வைட்டமின் டி-யில்தான் காளான் தனித்து நிற்கிறது. நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆகும். அமெரிக்கக் காளான் ஆய்வாளர் பால் ஸ்டாமெட்ஸ் ஷிடாகேயை அடிமடிப்புகள் மேலே பார்க்கும்படி கவிழ்த்து, நாளுக்கு 6 மணி நேரமாக இரண்டு நாள் வெயிலில் காயவைத்தார். 100 கிராமில் 100 அலகாக இருந்த வைட்டமின் டி சுமார் 46,000 அலகாக ஏறியது. கடையில் வாங்கும் உலர் ஷிடாகே பெரும்பாலும் சூடான காற்றில் காய்ந்தது, வெயிலைப் பார்க்காதது. வாங்கியதை நண்பகல் வெயிலில் கவிழ்த்து வைத்தாலே மாற்றம் வரும். ஷிடாகே கிடைக்காதவர்களுக்கும் நட்டமில்லை; சிப்பிக் காளானிலும் மொட்டுக் காளானிலும் இதே வேதியியல்தான்.

கொலஸ்ட்ரால் கதை 1966-இல் எலிகளில் தொடங்கியது. ஷிடாகே கலந்த தீனி தின்ற எலிகளின் ரத்தக் கொலஸ்ட்ரால் குறைந்தது. காரணமான எரிடாடெனின் என்ற சேர்மத்தையும் பிரித்தெடுத்தார்கள். எலியின் ஈரல் கொழுப்பைக் கையாளும் விதத்தை அது மாற்றுகிறது. மனிதரில் ஜப்பானில் நடந்த தொடக்கச் சோதனைகள் சில பேரை வைத்து ஒரு வாரம் பார்த்தவை. கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காளானுக்கு மாறச் சொல்லும் அளவுக்குச் சான்று அதில் இல்லை.

எலியில் நடந்த அற்புதம்

1969-இல் டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கோரோ சிஹாராவும் குழுவினரும் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தோலுக்கடியில் சார்க்கோமா 180 என்ற கட்டியை வளரவிட்ட சுண்டெலிகளுக்கு ஷிடாகேயின் குளுக்கானை ஊசியில் போட்டபோது கட்டிகள் சுருங்கின. பல எலிகளில் முழுவதுமாக மறைந்தன. அந்தக் குளுக்கானுக்குத்தான் லென்டினான் என்று பெயரிட்டார்கள்.

கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுசெல்களின்மேல் லென்டினானை ஊற்றினால் அவை சாவதில்லை. எதிர்ப்பாற்றலின் டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியைப் பிறந்தவுடனே நீக்கிய எலிகளில் அது பலிக்கவும் இல்லை. ஆக, கட்டியைத் தாக்கியது காளான் அல்ல. காளானால் உசுப்பப்பட்ட எலியின் சொந்தப் படை. உசுப்புவது எப்படி என்பதற்கு 2001-இல் ஒரு பெரிய துப்பு கிடைத்தது. பூஞ்சைச் சுவரின் பீட்டா குளுக்கானைப் பற்றிக்கொள்ளும் டெக்டின்-1 என்ற ஏற்பி, வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் இருப்பதை கார்டன் பிரவுனும் சயமன் கார்டனும் காட்டினார்கள். நம் வெள்ளையணுக்களுக்குப் பீட்டா குளுக்கான் என்றால் உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சை என்று பொருள். ரத்தத்தில் லென்டினான் ஏறும்போது, தொற்று ஏதும் இல்லாமலே தொற்றுக்கான அபாயமணி அடிக்கிறது.

ஊசியும் உணவும் பிரியும் இடம் இதுதான். நோயாளிக்கு ஏற்றிய லென்டினான் வாரத்துக்கு 2 மில்லிகிராம். அதைத் தயாரிக்கும் தொடக்ககால முறையில் 200 கிலோ பச்சைக் காளானிலிருந்து கிடைத்தது 30 கிராம் அளவே. ஒருவேளைக் காளானில் அந்த 2 மில்லிகிராமுக்கு மேலேயே குளுக்கான் இருக்கிறதே, தின்றால் போதாதா என்று தோன்றலாம். போதாது. லென்டினான், மூன்று பிரியாக முறுக்கிய கயிறு போன்ற பெரிய மூலக்கூறு. குடல் அதை அறுப்பதில்லை. முழுதாக ரத்தத்துக்குள் விடுவதும் இல்லை. பெருங்குடல் வரை நார்ச்சத்தாகவே பயணம் செய்கிறது. வழியில் குடல் சுவரின் எதிர்ப்பு செல்கள் அதைத் தொட்டுப் பார்க்கலாம். குடலின் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைக்கலாம். அந்தப் பயன் உண்மையானது, அளவில் சிறியது. ரத்தத்தில் நேரடியாக ஏற்றிய மருந்தின் வேலை அது அல்ல.

மனிதரில் நடந்தது

ஊசிக்குக்கூட எலியில் கண்ட வெற்றி மனிதரில் அப்படியே தொடரவில்லை. 1980-களின் மருந்துகளோடு லென்டினானைச் சேர்த்தபோது முற்றிய இரைப்பைப் புற்றுநோயாளிகள் சற்றுக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். அனுமதி கிடைத்தது அதனால்தான். பிறகு எஸ்-1 என்ற புதிய மாத்திரை வந்தது. அதை மட்டும் ஒரு பிரிவுக்கும், அதோடு லென்டினானைச் சேர்த்து இன்னொரு பிரிவுக்கும் கொடுத்து, 309 பேரை வைத்து ஜப்பானில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2016-இல் வெளியானது. லென்டினான் சேர்த்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை.

வாய்வழிச் சாறும் ஒரு முறை நேராகச் சோதிக்கப்பட்டது. புராஸ்டேட் புற்றுநோய் உள்ள அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஷிடாகே சாறு அடங்கிய மாத்திரைகளை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2002-இல் வெளியானது. அந்தச் சாறு தனியாக நோயைக் கட்டுப்படுத்தவில்லை என்பதே முடிவு.

உணவாகத் தின்றவர்களில் கிடைத்த முடிவு அடக்கமானது, ஆனால் நம்பிக்கை தருவது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் நல்ல உடல்நலமுள்ள 52 இளம் வயதினர் நான்கு வாரம் தினமும் 5 அல்லது 10 கிராம் உலர்ந்த ஷிடாகேயைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, அவர்களின் ரத்தத்தில் காமா டெல்டா டி செல்கள் பெருகின, எச்சிலில் எதிர்ப்பொருள் கூடியது, உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு குறைந்தது. ரத்தப் பரிசோதனையில் எண்கள் நல்ல பக்கம் நகர்ந்தன. சளி குறைந்ததா, நோய் தள்ளிப்போனதா என்று அளந்த ஆய்வு அது அல்ல.

வேகாத காளானின் சாட்டையடி

ஷிடாகேயில் மருந்தாகப் பார்த்த அதே பொருள் வேறு முகமும் காட்டும். 1977-இல் ஜப்பானியத் தோல் மருத்துவர் நகமுரா ஒரு விசித்திரத் தடிப்பைப் பதிவுசெய்தார். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ ஷிடாகே தின்று ஓரிரு நாள் கழித்து, முதுகிலும் தோளிலும் கையிலும் சாட்டையால் அடித்ததுபோல நீள நீளச் சிவப்புக் கோடுகள் கிளம்பும். குறுக்கும் நெடுக்குமாக, சொரிந்த தடம்போல வரிவரியாக இருக்கும்; அரிப்பு தாங்காது. அடி வாங்கினீர்களா என்று மருத்துவரே கேட்கும் அளவுக்குத் தெளிவான தடங்கள். லென்டினானுக்கு உடல் காட்டும் எதிர்வினை என்பதே பரவலான விளக்கம். ஊசியாக லென்டினான் ஏற்றிய சிலருக்கும் இது வந்திருக்கிறது. ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். எல்லாருக்கும் வருவதில்லை. பதிவான பெரும்பாலான நிகழ்வுகளில் காளான் பச்சையாகவோ சரியாக வேகாமலோ இருந்திருக்கிறது. சாலட்டில் பச்சையாக நறுக்கிப் போடுவதும், தீயில் லேசாகக் காட்டி எடுப்பதும் இந்தக் காளானுக்கு ஆகாது. உள்வரை நன்றாக வேகவேண்டும்.

வளர்ப்புக் கூடத்தில் வேலை செய்பவர்களின் தொல்லை வேறு. குடைகளிலிருந்து இரவும் பகலும் உதிரும் வித்துத் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை வந்து, இருமலும் மூச்சுத்திணறலும் தொடரும். முகக்கவசமும் காற்றோட்டமும் அங்கே கட்டாயம்.

வாங்கும்போது

வாரத்தில் சில நாள், கைப்பிடி உலர்ந்த ஷிடாகேயை ஊறவைத்து நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவதில் பயம் ஏதுமில்லை. நார்ச்சத்தும், வெயில் காட்டியிருந்தால் வைட்டமின் டி-யும், உப்பைக் குறைத்தாலும் குறையாத ருசியும் கைமேல் கிடைக்கும். கீமோதெரபியில் இருப்பவர்களும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை எடுப்பவர்களும் சாறு, மாத்திரை வடிவங்களைத் தொடும் முன் தங்கள் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

குப்பியில் வாங்குபவர் சீட்டை ஊன்றிப் படிக்கவேண்டும். சில தயாரிப்புகளில் குடையே இருக்காது. தானியத்தில் வளர்த்த இழையைத் தானியத்தோடே அரைத்திருப்பார்கள். ‘பாலிசாக்கரைடு இத்தனை சதவீதம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். தானியத்தின் மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான் என்பது அதில் இருக்காது. பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விற்பவரிடம் இரண்டு கேள்வி: நீங்கள் காட்டும் ஆய்வு எலியில் நடந்ததா, மனிதரிலா? வாய்வழி கொடுத்தார்களா, ஊசியிலா? நேரான பதில் வராவிட்டால் குப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அந்தக் காசுக்கு உலர்ந்த காளானாக வாங்குங்கள். நோய் தீருமா என்பது வேறு விஷயம். குழம்பு நன்றாக இருக்கும்.